எழுபது சர்வர்களுக்கு ஒரே கட்டளை

மார்கழி மாதத்து வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. தவச்செல்வியின் தாய்க்குக் கண் அறுவைசிகிச்சை முடிந்திருந்தது; கண்ணின் கட்டை நான்கு மணிக்கு அவிழ்ப்பார்கள். முதலில் மகள் முகத்தைத்தான் பார்ப்பேன் என்று தாய் சொல்லியிருந்ததால், அலுவலகத்திலிருந்து கிளம்ப அவள் அனுமதி கேட்டு நின்றாள்.

மேலாளர் ஞானசிகாமணி நிமிரவில்லை. "எழுபது சர்வர் கம்ப்யூட்டரையும் ஒண்ணொண்ணா திறந்து அதுல ஓடுற கடிகாரத்தைச் சரிபண்ணும்மா. அப்புறம் போ."

கையால் செய்தால் அது இரண்டு நாள் வேலை.

"முடிச்சிட்டா உடனே போகலாமா சார்?"

"பறந்தே போ!" என்று சிரித்தார்.

அவள் எழுதிவைத்திருந்த ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரலை ஓட்டினாள். அது ஒவ்வொரு சர்வருக்குள்ளும் தானே நுழைந்து, கட்டளையிட்டு, வெளியேறியது. மூன்றாம் நிமிடம் பையை எடுத்தாள்.

"நீ ஒவ்வொண்ணுலயும் உக்காராம எப்படி வேலையாகும்?"

"சுற்றறிக்கையில நீங்க ஒரு கையெழுத்துதானே சார் போடுறீங்க? எல்லாக் கிளையும் கேக்குதே! இதையும் அறுபத்தொன்பது கேட்டுடுச்சு. உங்க அறையில இருக்கறது மட்டும்தான் கேக்கலை. சாப்பிடப் போறப்ப ஃபேனோட சேர்த்து அதையும் அணைச்சிட்டீங்க."

மேலாளர் தாமே எழுந்து போய் அதை இயக்கினார். கட்டளை அதற்கும் சென்றது.

ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாயை அப்போதே அவர்தான் கொடுத்தார். திங்களன்று அவள் திருப்பி நீட்டியபோது வாங்கவில்லை.

"அம்மா பார்த்ததும் என்னம்மா சொன்னாங்க?"

"நான் இளைச்சுட்டேன்னு சொன்னாங்க சார்."