கருமூக்கன் கவிழ்த்த சிப்பிகள்

காட்டாற்றின் நடுவே நாவல் மடு என்று ஒரு மடு இருந்தது. மழைக்காலத்தில் ஆறு அதைக் கடந்து ஓடும். கோடையில் ஆறு நின்றுபோனாலும் மடுவில் மட்டும் கொஞ்ச நாள் தண்ணீர் நிற்கும். அதன் கரையில், நாவல் மரத்து வேருக்கு அடியில் ஒரு வளை. அங்கே கருமூக்கன் என்ற நீர்நாய் தன் மனைவி மினுக்கியோடும் மூன்று குட்டிகளோடும் குடியிருந்தான்.

கருமூக்கன் நல்ல மீன்காரன். அதில் சந்தேகமே இல்லை. அவனிடம் ஒரே ஒரு குறைதான். 'மீனை விட்டுவிட்டேன்' என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

அந்த மடுவில் மீன் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஆழத்தில் இறங்கி மீனை விரட்ட வேண்டும். இன்னொருவர் மடு ஒடுங்கும் இடத்தில், இரண்டு பாறைகளின் இடுக்கில் காத்திருந்து மடக்க வேண்டும். மினுக்கி விரட்டுவாள். கருமூக்கன் மடக்குவான். விரட்டுகிறவளுக்குத் தண்ணீருக்கடியில் இடுக்கில் நடப்பது எதுவும் தெரியாது. கதையே இதில்தான் இருக்கிறது.

தை மாதத்தில் ஒரு பௌர்ணமி. தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்து கிடந்தது. சாயங்காலம் நிலா ஏறியதும் இருவரும் இறங்கினார்கள். இடுக்கில் நின்ற கருமூக்கனின் நிழல் மடுவின் தரைவரைக்கும் விழுந்தது. மீன்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடிவிட்டன. ஒன்றுகூடச் சிக்கவில்லை.

கருமூக்கன் யோசித்தான். மடுவில் பொறுக்கிய முப்பது சிப்பிகளைத் தட்டைப்பாறையில் வட்டமாக அடுக்கினான். அமாவாசைக்கு ஒன்று, பிரதமைக்கு ஒன்று, துவிதியைக்கு ஒன்று என்று, வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும் தனித்தனியாக, திதிக்கு ஒரு சிப்பி. அதில் பௌர்ணமிச் சிப்பியை மட்டும் கவிழ்த்து வைத்தான்.

"தெளிஞ்ச தண்ணியும் முழு நிலாவும் சேந்தா மீன் நம்மளப் பாத்துரும். அன்னைக்கு இறங்கக் கூடாது" என்றான்.

சரியான பேச்சுதான். காடே அவனை மெச்சியது. ஆமை வந்து நாள் கேட்டுவிட்டுப் போனது. நாரை வந்து கேட்டது. எதிர்க்கரைப் பாம்புகூட வந்து கேட்டது. கருமூக்கனுக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

அடுத்து வந்தது அஷ்டமி. அன்று மதியம் கருமூக்கன் நண்டாகத் தின்று தீர்த்திருந்தான். வயிறு முட்ட இடுக்கில் போய் நின்றவன், நின்றபடியே தூங்கிவிட்டான். மினுக்கி விரட்டிய மீனெல்லாம் அவன் கால்களுக்கு நடுவே ஜாலியாக வெளியேறின. கடைசியாகப் போன விரால் வாலால் அவன் வயிற்றில் ஒன்று கொடுத்துவிட்டுப் போயிற்று. அப்போதுதான் விழித்தான்.

மினுக்கி மூச்சிரைக்க மேலே வந்தாள். "எத்தனை சிக்குச்சு?"

"ஒண்ணும் வரலையே."

"வரலையா? ஒரு கூட்டத்தையே ஓட்டிவிட்டேனே!"

கருமூக்கன் வானத்தைப் பார்த்தான். "அஷ்டமி. மீன் பாதியில திரும்பிருக்கும்" என்றான். அஷ்டமிச் சிப்பியும் கவிழ்ந்தது.

பாவம், மினுக்கி நம்பிவிட்டாள். பௌர்ணமி விஷயத்தில் அவன் சொன்னது சரியாகத்தானே இருந்தது?

ஒருமுறை வழி கிடைத்துவிட்டால் போதாதா? சஷ்டியன்று கருமூக்கன் ஒரு கூழாங்கல்லை மேலே எறிந்து எறிந்து பிடித்து வித்தை காட்டிக்கொண்டிருந்தான். மீன் போய்விட்டது. சஷ்டி கவிழ்ந்தது. ஏகாதசியன்று ஆமையிடம் நாள் பலன் சொல்லிக்கொண்டிருந்தான். ஏகாதசி கவிழ்ந்தது. துவாதசியன்று அவசரப்பட்டு முன்னால் பாய்ந்தான். துவாதசியும் போயிற்று. திதி போதாதென்று மேகம் மூடினால் ஆகாது, காற்று மாறினால் ஆகாது என்றும் சட்டம் போட்டான்.

சங்கிலி என்று ஒரு நீர்க்காகம் அந்த மடுவில்தான் மீன் பிடித்தது. முங்கும், எழும், எதிர்ப்பாறையில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயவைக்கும். ஒரு சதுர்த்தி நாளில் அது வாயில் கெண்டையோடு வந்து இறங்கியது.

"என்ன தம்பி, சதுர்த்தியில போய் மீன் பிடிக்கிற?" என்று கருமூக்கன் அதட்டினான்.

சங்கிலி கெண்டையை விழுங்கிவிட்டுச் சொன்னது: "இன்னைக்குச் சதுர்த்தியா அண்ணே? எனக்குத் தெரியாதே. இந்தக் கெண்டைக்கும் யாரும் சொல்லலை போல!"

"ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்" என்று கருமூக்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பங்குனி பிறந்தது. ஆறு நின்றது. மடு நாளுக்கு நாள் சுருங்கியது. அந்தக் காட்டு நீர்நாய்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சித்திரையில் மடு வற்றுவதற்குள் குடும்பத்தோடு பெரிய ஆற்றுக்குப் போய்விட வேண்டும். இரண்டு நாள் நடை. வழியெல்லாம் கொதிக்கும் பாறை. நன்றாகத் தின்று கொழுத்த குட்டிதான் அதைத் தாங்கும்.

கருமூக்கனின் குட்டிகளோ எலும்பும் தோலுமாக இருந்தன. தவளையும் நத்தையும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? கடைக்குட்டி சுண்டன் விளையாட வருவதையே நிறுத்திவிட்டான். வளை வாசலில் படுத்து வாலை மட்டும் ஆட்டுவான்.

"இன்னைக்கு இறங்குவமாங்க?" என்று மினுக்கி தினமும் கேட்பாள்.

"இன்னைக்கு நாள் சரியில்லை. பொறு."

பொறுத்துப் பொறுத்து இருபத்தொன்பது சிப்பி கவிழ்ந்துவிட்டது. நிமிர்ந்திருந்தது ஒன்றே ஒன்று, தேய்பிறைத் தசமி. "அன்னைக்குப் பாரு!" என்று கருமூக்கன் எல்லோரிடமும் சொல்லி வைத்தான். உள்ளுக்குள் அவனுக்கு உதறல்தான். அன்றும் தவறிவிட்டால்?

தசமியும் வந்தது. மூன்று நாளாகவே ஒரே புழுக்கம். மதியத்துக்குமேல் மேற்கே கருமேகம் திரண்டது. மேல்காற்று மெல்ல அடிக்கத் தொடங்கியது.

கருமூக்கன் தட்டைப்பாறைக்குப் போனான். வானத்தைப் பார்த்தான், சிப்பியைப் பார்த்தான். "மேகம் மூடிருச்சு. ஆகாது" என்று முணுமுணுத்துக்கொண்டே கடைசிச் சிப்பியையும் கவிழ்த்தான். கவிழ்த்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. வட்டத்தில் இனி ஒரு நாளும் மிச்சமில்லை.

சங்கிலி பறந்து வந்து பாறையில் உட்கார்ந்து வட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"அப்ப மீன் பிடிக்க எந்த நாளுண்ணே நல்ல நாள்?"

கருமூக்கன் கடைசிச் சிப்பியை வாலால் மறைத்துக்கொண்டான்.

அதற்குள் மினுக்கி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "நாளு ஒண்ணும் மிச்சமில்லை, பாத்துட்டேன். இங்கயே கிடந்து சாகறதுக்கு நடந்தே பாக்கலாம். இப்பவே கிளம்பறோம்" என்றாள்.

இரண்டு குட்டிகள் தத்தித் தத்திப் பாறையில் ஏறின. சுண்டன் முன்னங்காலை வைத்தான், வழுக்கினான். மறுபடி வைத்தான், மறுபடி வழுக்கினான். பிறகு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். ஒரு முழ உயரப் பாறை அது.

"அண்ணி, சின்னவன் இந்தப் பாறையே ஏறலை. பெரிய ஆறுவரைக்கும் எப்படி வருவான்?" என்றது சங்கிலி.

மினுக்கி சுண்டனைப் பார்த்தபடி நின்றாள். கருமூக்கனுக்கு அவமானம் ஒரு பக்கம், குட்டியைப் பற்றிய பயம் ஒரு பக்கம். கடைசியில் பயம்தான் ஜெயித்தது.

"அஷ்டமி அன்னைக்கு நான் தூங்கிட்டேன்" என்றான்.

மினுக்கி திரும்பினாள். "என்னது?"

"மீன் வந்துச்சு. என் காலுக்கு நடுவுலதான் போச்சு. சஷ்டிக்குக் கல்லு வச்சு வித்தை காட்டிட்டிருந்தேன். ஏகாதசிக்கு ஆமைகூடப் பேசிட்டிருந்தேன். துவாதசிக்கு முந்திப் பாஞ்சுட்டேன். நாளு மேல ஒரு குத்தமும் இல்லை. பௌர்ணமி ஒண்ணுதான் நெசம்."

சங்கிலி வேறு பக்கம் பார்த்துக்கொண்டது. அத்தனை நாளும் எதிர்ப்பாறையில் இருந்தபடி அது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. குடும்ப விவகாரம் என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டது.

மினுக்கி கத்துவாள் என்று கருமூக்கன் எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை.

"தூங்கினதைக்கூட விடுங்க. எனக்கு விரட்டத் தெரியலையோ, அதான் மீன் வர மாட்டேங்குதோன்னு இத்தனை நாளும் மருகிட்டிருந்தேனே! அதுதாங்க வலிக்குது" என்றாள்.

கருமூக்கன் தலையைத் தொங்கப்போட்டான். திட்டு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. "மன்னிச்சிரு மினுக்கி. நீ விரட்டினதுல ஒரு குறையும் இல்லை" என்றான்.

மினுக்கி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு மடுவின் பக்கம் திரும்பினாள். "அந்தச் சிப்பியை விட்டுட்டுத் தண்ணியைப் பாருங்க. என்ன தெரியுது?"

கருமூக்கன் பார்த்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் தண்ணீரை ஒழுங்காகப் பார்த்தான். மடுவெங்கும் குமிழி கிளம்பிக்கொண்டிருந்தது. ஆங்காங்கே மீன்கள் வாயை மேலே நீட்டித் திறந்து திறந்து மூடின.

"மூச்சு முட்டுது அதுகளுக்கு" என்றான் மெதுவாக. "மூணு நாள் புழுக்கத்துல அடித்தண்ணி கெட்டுப்போச்சு. எல்லாம் மேல வந்துருச்சு."

"காத்து?"

"மேல்காத்து. பூச்சியெல்லாம் கிழக்கே கீழ்க்கரைக்கு ஒதுங்கும். பூச்சிக்குப் பின்னாடி மீனும் ஒதுங்கும்!" அவனுடைய மீசை துடித்தது. "மேகம் மூடியிருக்கு, நம்ம நிழலும் விழாது. மினுக்கி, இதைவிட நல்ல நேரம் வராது. மழை கொட்டி ஆறு ஓடிருச்சுன்னா மீனெல்லாம் கலைஞ்சிரும். இப்பவே இறங்கணும்."

"இறங்கலாம். ஆனா இடுக்குல நான் நிக்கிறேன். நீங்க விரட்டுங்க" என்றாள் மினுக்கி.

"சரி" என்றான் கருமூக்கன். மடக்குவதில்தான் பெருமை, விரட்டுகிறவனை யாரும் கண்டுகொள்வதில்லை. இருந்தும் அவன் மேற்கே மேல்கரையில் இறங்கினான். கலங்கலில் கண் தெரியவில்லை. நெஞ்சு வெடிக்கிறமாதிரி இருந்தது. 'இவ்வளவு கஷ்டமா இது? இதையா அவள் தினமும் செய்தாள்?' என்று நினைத்துக்கொண்டே வாலை அடித்து அடித்து மீன்களைக் கீழ்க்கரைக்கு நெருக்கினான். அங்கிருந்து கரையோரமாகவே இடுக்கின் பக்கம் ஓட்டினான்.

மேலே வந்து மூச்சு வாங்கியபோது மினுக்கி மூன்றாவது விராலைக் கரையில் எறிந்துகொண்டிருந்தாள்.

"இன்னொரு தரம்!" என்று கூவினாள்.

அவன் இன்னொரு தரம் முங்கினான். அப்புறம் இன்னொரு தரம். இருட்டுவதற்குள் விராலும் கெளுத்தியும் கெண்டையுமாகப் பாறையில் ஒரு குவியல். சிதறி ஓடிய சில்லறை மீன்களைச் சங்கிலி பார்த்துக்கொண்டது. மூக்கு முழுவதும் செதில் ஒட்ட ஒட்டக் குட்டிகள் தின்றன. சுண்டன் ஒரு கெளுத்தியை முடித்துவிட்டு, அக்காவின் பங்கைப் பிடுங்கப்போய் அடி வாங்கினான். அவன் அடிவாங்கும் அளவுக்குத் தெம்பு பெற்றதைப் பார்த்து மினுக்கிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அப்போது மழை இறங்கியது. கோடை மழை என்றாலும் கொட்டித் தீர்த்தது. விடிந்து பார்த்தால் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பாறையில் நடக்க வேண்டிய வேலையே இல்லை. வயிறு நிறைந்த மூன்று குட்டிகளும் தண்ணீரோடு சறுக்கிக்கொண்டே, ஒருவர்மேல் ஒருவர் உருண்டு புரண்டு, பெரிய ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தன.

பெரிய ஆற்றில் முதல் நாள் வேட்டை. அன்று விரட்டியது மினுக்கி. மடக்க நின்றவன் கருமூக்கன். கொழுத்த விரால் ஒன்று நேராக வந்தது. அவன் பாய்ந்தான். விரால் நழுவிப் போய்விட்டது.

குட்டிகள் மூன்றும் கரையில் இருந்து அவனையே பார்த்தன. கருமூக்கன் வானத்தை அண்ணாந்து பார்த்தான். பகல் நிலா ஒன்று வெளிறித் தெரிந்தது. காற்றுகூடச் சற்று மாறித்தான் அடித்தது. சாக்குச் சொல்ல எல்லாமே தயாராக இருந்தன.

மினுக்கி மேலே வந்தாள். "என்ன ஆச்சு?"

"நான்தான் விட்டுட்டேன்" என்றான் கருமூக்கன். "ஒரு மூச்சு முந்திப் பாஞ்சுட்டேன்."

"சரி, அப்ப நாளைக்கு ஒரு மூச்சு பொறுத்துப் பாயுங்க" என்றாள் மினுக்கி.

மறுநாள் அவன் ஒரு மூச்சு பொறுத்தான், விரால் சிக்கியது.

தோற்றதற்கெல்லாம் நாளைக் குற்றம் சொல்கிறவனுக்குக் கடைசியில் ஒரு நாளும் மிஞ்சாது. தன் தவறை ஒத்துக்கொள்கிறவனுக்கு மறுநாளே நல்ல நாள்.