ஆற்றைத் தாண்டாத ஆள்காட்டி

இக்கரைக் காட்டை ஒரு சிறுத்தை ஆண்டது. ஆற்றைக் கடக்க ஒரே ஒரு துறைதான் உண்டு. அதை யானைகள் காத்தன. அக்கரையில் ஆபத்து என்று ஆள்காட்டிக் குருவி கூவினால்தான் யானைகள் சிறுத்தையின் படைக்கு வழிவிடும். கண்ணால் பார்த்ததை மட்டுமே கூவுகிற பறவை அது.

ஒருநாள் சிறுத்தை குருவியை அழைத்தது. அக்கரையில் நாற்பது கழுதைப்புலிகள் மான்களை வதைப்பதாகவும், மான்களைக் காப்பாற்றச் செந்நாய்ப் படை புறப்படுவதாகவும் சொன்னது.

"நாற்பது என்று எண்ணியது யார், மகாராஜா?" என்று குருவி கேட்டது.

"எண்ணிக்கொண்டிருக்கிற நேரமா இது? நீ கேள்வி கேட்கும்போதே அங்கே ஒரு மான் சாகிறது. உனக்கு இரக்கமே கிடையாதா?"

குருவி கூசிப்போனது. இக்கரையில் செந்நாய்களுக்கு இரை குறைந்துவிட்டது அதற்குத் தெரியும். ஆனாலும் இரக்கமற்றது என்று பெயரெடுக்கப் பயந்தது. செந்நாய்ப் படைத்தலைவன் முதுகில் உட்கார்ந்து வரலாம் என்று சிறுத்தை சொன்னதும் அதற்குப் பெருமையாகவும் இருந்தது. ஆற்றின் அகலம் நூறு சிறகடிப்புதான். அது பறந்துபோய்ப் பார்க்கவில்லை. துறையில் நின்று கூவியது.

மூத்த யானை அதை நிமிர்ந்து பார்த்தது. "நீயே பார்த்தாயா, குருவியம்மா?"

"பார்த்தேன்" என்றது குருவி.

யானைகள் விலகின. செந்நாய்கள் கடந்தன.

அக்கரையில் இருந்தது ஒரே ஒரு கழுதைப்புலி. அதுவும் கிழடு, நொண்டி. செந்நாய்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மான்களின் மேல் பாய்ந்தன. குருவி முதுகைவிட்டு எழும்பி, விழுந்து கிடந்த மான்களை எண்ணியது. இருபத்தேழு. சரியாக இருக்காது என்று மறுபடி எண்ணியது. இருபத்தேழுதான்.

குட்டியை இழந்த பெண்மான் ஒன்று அதைக் கேட்டது: "உனக்குத்தான் சிறகு இருக்கிறதே. முன்னாடியே ஒரு தடவை வந்து பார்த்திருக்கக் கூடாதா?"



மான்கள் காப்பாற்றப்பட்டன என்று கூவச் சொல்லிச் சிறுத்தை ஆள் அனுப்பியது. குருவி நேரே துறைக்குப் போய் யானைகளின் முன்னால் இறங்கியது. தலையைத் தூக்காமலே சொன்னது: "கழுதைப்புலி ஒன்று. செத்த மான்கள் இருபத்தேழு. நான் பார்த்தேன் என்று சொன்னது பொய்."

யானைகள் அதைத் திட்டவில்லை. ஆற்றில் இறங்கிப் போய்ச் செந்நாய்களை விரட்டிக்கொண்டு திரும்பின. போகும்போதும் வரும்போதும் ஒரு யானைகூடக் குருவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் அது கூவினால், ஒரு முயலாவது போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. அதற்காகக் குருவி கோபப்படுவதில்லை.

படையெடுக்கிறவர் சொல்லும் காரணத்தைத் தன் கண்ணால் பார்க்காமல் ஊருக்குச் சொல்கிறவருக்கும் அந்தப் படை செய்த கொலையில் பங்கு உண்டு.