ஒரு விளாவும் யானையின் ஆட்டமும்

இதில் ஒரு சொல் பொய்யானாலும் நாளைக்கே என் மீசையை மழித்துக் காக்கைக்குக் கூடு கட்டக் கொடுத்துவிடுகிறேன். சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்.

அந்தக் காலத்தில், மிருகங்கள் பேசி, பேச்சோடு பேச்சாகப் பொய்யும் சொல்லி வந்த காலத்தில், ஒரு கோடையில் காடு முழுவதற்கும் ஒரே ஊற்றுதான் மிஞ்சியது. அதையும் சரிந்த மண் மூடிக்கொண்டது. தோண்டியாக வேண்டும். யார் எவ்வளவு வேலை செய்கிறார்களோ அவர்களுக்கு அவ்வளவு தண்ணீர் என்று முடிவாயிற்று. ஆனால் வேலையை எதைக் கொண்டு அளப்பது? குரங்குகள் வியர்வையைக் காட்டின. எருமை மூச்சு வாங்கிக் காட்டியது.

செங்கமலம் என்ற யானைக்குச் சிரிப்பு வந்தது. கைக்கன்றுக்காரி, ஒரு வாய்த் தண்ணீரும் வீணாகப் போகவிடாதவள்.

“முக்கலுக்கும் முனகலுக்கும் தண்ணீர் கிடையாது. எவ்வளவு கனம், எவ்வளவு உயரம் ஏறிற்று, அதுதான் கணக்கு” என்றாள்.

ஒரு விளாங்காயை, ஊற்றோரம் நின்றிருந்த நாரையாரின் முழங்கால் உயரத்துக்குத் தூக்கினால் அது ஒரு விளா. காய் இரண்டானாலும் இரண்டு விளா, உயரம் இரு மடங்கானாலும் இரண்டு விளா. கால் அவருடையது என்பதால் நாரையாரே அளப்பவர். எல்லாம் தலையாட்டின.

மறுநாள் எறும்புகள் குழிக்குள் இறங்கி மண்ணைச் சுமந்து ஏறின. குரங்குகள் கல் பொறுக்கி மேலே போட்டன. உச்சிப் பொழுதில் குழியோரத்துப் பாறை நழுவிற்று. செங்கமலம் ஓடி வந்து நெற்றியைக் கொடுத்தாள். பாறை நின்றது. பொழுது சாயும்வரை அவளும் நின்றாள். கால் நான்கும் நடுங்கின. கன்று தாகத்தில் அவள் வயிற்றை முட்டிக்கொண்டிருந்தது.

தண்ணீர் கசியத் தொடங்கியதும் நாரையார் கணக்குச் சொன்னார். எறும்புகள் மூன்றரை விளா. குரங்குகள் ஒன்பது. செங்கமலம் சுழியம்.

“என் கண் பிதுங்குவது தெரியவில்லையா, நாரையாரே?”

“தெரிகிறது தாயே. காலையில் தின்ற மூங்கிலின் தெம்பெல்லாம் போய்விட்டதும் தெரிகிறது. ஆனால் களைப்பு உன்னுடையது, கணக்கு கல்லினுடையது. கல் ஏறவில்லையே. சட்டமும் நீ போட்டதுதான்.”

வேண்டுமானால் பெரியம்மாவுக்கு ஒரு கும்பிடு போடுகிறோம் என்று குரங்குகள் இளித்தன.

பாறையை விட்டுவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றிற்று. கீழே எறும்புகள் இன்னும் மண் அள்ளிக்கொண்டிருந்தன. விடவில்லை. முழங்காலை மடக்கி, மூச்சை இழுத்து, மேல்நோக்கி ஒரு முட்டு முட்டினாள். பாறை நாரையாரின் அரை முழங்கால் உயரம் ஏறிற்று. முட்டுக்கல் செருகச் சொல்லிக் குரங்குகளை அதட்டினாள். செருகின.

நாரையார் காலை வைத்துப் பார்த்தார். பாறை இரண்டாயிரம் விளாங்காய்க் கனம். அரை உயரம்.

“ஆயிரம் விளா. அது எங்கும் போய்விடவில்லை, பாறைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. முட்டுக்கல்லை எவன் உருவுகிறானோ அவன் தலையில் ஆயிரமும் இறங்கும்.”

குரங்குகள் பத்தடி தள்ளிப் போயின.

ஊற்று ஏறக்குறைய முழுவதும் செங்கமலத்தின் பங்காயிற்று. கன்று குடித்தது, எறும்புகள் குடித்தன. குரங்குகளைச் சற்றுக் காக்கவைத்து அவற்றுக்கும் விட்டாள். இனி யாரும் அளக்கக் கூப்பிடாதபடி நாரையார் ஒரு காலை மடக்கி இறகுக்குள் ஒளித்துக்கொண்டார்.

ஆனாலும் அந்தச் சுழியம் அவள் நெஞ்சை விட்டுப் போகவில்லை. அன்று முதல்தான் யானை நிற்கும்போதும் சும்மா நிற்காமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே நிற்கிறது.

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். நாரையாருக்கு இன்னும் ஒரு கால் வெளியேதான் இருக்கிறது, என் கதையையும் அளக்க வந்துவிடுவார்.