மூன்றாம் நிமிடத்து நட்சத்திரம்

மலைமேல் ஒரு குரு இருந்தார். பெயர் சாலமோன், வயது இருபத்தெட்டு. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து கீபோர்டுகளின் மேல் சற்று உட்காரும். பிறகு யாரோ கூப்பிட்டதுபோல எழுந்து போய்விடும்.

சிஷ்யை பூங்கோதைக்கு நாற்பத்து நான்கு வயது. இருபது வருடம் பாடப் புத்தகங்களுக்கு மாம்பழமும் தவளையும் வரைந்தவள். முதன்முதலாகத் தன் பெயர் போட்டு எட்டு நிமிட அனிமேஷன் படம் ஒன்று செய்திருந்தாள். நட்சத்திரமே இல்லாத வானத்தில் ஒரு கொக்கு ஒரே ஒரு நட்சத்திரத்தைத் தேடிப் பறக்கிறது. கடைசிக் காட்சியில்தான் அது முளைக்கிறது. அவ்வளவுதான் கதை.

நாளை மாலை ஐந்து மணிக்குள் படத்தை ஒரு திரைப்பட விழாவுக்கு அனுப்பியாக வேண்டும். விட்டால் இன்னும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அவள் வரைந்ததையெல்லாம் கணக்குப் போட்டு ஓடும் படமாக்கித் தருவது கம்ப்யூட்டரின் வேலை. அது தன் போக்கில் ஓடினால் நேரம் போதாது. அதனால் சாலமோனிடம் ஓவர்கிளாக் செய்யக் கற்றுக்கொண்டாள். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரை அதற்கென்று வைத்த வேகத்துக்கும் மேலே விரட்டுகிற வித்தை அது. வித்தை கைவந்ததும் ஆசையும் வந்துவிட்டது.

அன்று காலை கம்ப்யூட்டரைச் சால்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

நாலு நாளாக அது பாதி வழியில் உறைந்து உறைந்து நின்றதாம். நின்றபோதெல்லாம் இவள் பிராசஸருக்குப் போகும் வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றினாளாம். கூடவே ஃபேன், மெமரி என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் ஒரே நேரத்தில் மாற்றினாளாம். நேற்று சாயந்திரத்திலிருந்து உறையவே இல்லையாம். கம்ப்யூட்டர் தன்னையே சோதித்துக்கொள்ளும் ஒரு மணி நேர டெஸ்ட்கூடப் பிழை இல்லை என்று சொல்லிவிட்டதாம்.

"ஆனா மூணாவது நிமிஷத்துல ஒரு நட்சத்திரம் இருக்கு, ஆசானே."

சாலமோன் பார்த்தார். கொக்கின் இறக்கைக்கு மேலே, கருநீலத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி.

"யாரு வரைஞ்சது அக்கா?"

"நான் வரையல."

அதே காட்சியை மறுபடி மூன்று தடவை புதிதாகக் கணக்குப் போட்டு ஓடவிடச் சொன்னார். முதல் தடவை நட்சத்திரம் வால் பக்கம் நின்றது. இரண்டாம் தடவை காணோம். மூன்றாம் தடவை இரண்டு நட்சத்திரங்கள் வந்தன. ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் கணக்கை வேறு மாதிரித் தப்பாகப் போட்டிருந்தது. ஜன்னல் வழியே வந்த மேகம் திரையின் முன்னால் கொஞ்ச நேரம் தயங்கியது. அவள் வரையாத வானம் அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஒரு புள்ளிதானே? யாரு கவனிக்கப் போறாங்க?"

"கொக்கு கவனிக்கும்."

பூங்கோதை திரையை விட்டு விலகி அவருக்கு இடம் விட்டாள்.

சாலமோன் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். பிறகு வேகத்தை மட்டும் ஒரு படி ஏற்றி, அதை ஒரு சீட்டில் எழுதி, காட்சியை ஓடவிட்டு, டீ குடித்தார். மறுபடி ஒரு படி, ஒரு சீட்டு, ஒரு டீ. அவளுக்கு உள்ளுக்குள் எரிந்தது. வேகம் நாலு புள்ளி எட்டு கிகாஹெர்ட்ஸைத் தொட்டதும் நட்சத்திரம் எட்டிப் பார்த்தது. நாலு புள்ளி ஏழுக்கு இறக்கினார். பத்து தடவை ஓடவிட்டார். பத்து தடவையும் வானம் காலியாக இருந்தது.

"இதுல போட்டா நாளைக்கு மூணு மணிக்கு மேலதான் முடியும், ஆசானே. அந்தக் கடைசி நட்சத்திரத்த இன்னும் கொஞ்சம் செதுக்கணும்னு இருந்தேன்."

"அது அப்படியே இருக்கட்டும் அக்கா."

மனசில்லாமல் தலையாட்டினாள். படம் முதல் நிமிடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. கொக்கு மெதுவாக இறக்கையை விரித்தது.

"ஒண்ணு மட்டும் புரியல. முதல்ல நின்னு நின்னு போச்சு. வோல்டேஜ் ஏத்தினேன், நிக்கறத விட்டுடுச்சு. நான் செஞ்சது சரிதானே?"

"நின்னப்போ, முடியலன்னு சொல்லிச்சு. நீங்க கேக்கல. அப்புறம் சொல்றத விட்டுடுச்சு."

அவள் ஸ்டூலை இழுத்துத் திரைக்கு எதிரே போட்டாள். நாளை மூன்று மணி வரை கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கப் போவதாகச் சொன்னாள். பிளாஸ்கை எடுத்துத் தனக்கு டீ ஊற்ற ஆரம்பித்தாள்.

"தூங்கி எத்தனை நாளாச்சு அக்கா?"

"நாலு நாள். அதுக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்."

டீ கிளாசுக்கு வெளியே, மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. சாலமோன் எட்டி அவள் கையிலிருந்து பிளாஸ்கை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"இதுவும் நேத்து சாயந்திரம் அதையேதான் சொல்லிச்சு."