ரப்பர் ஓடும் விமானம்

மாதிரி விமானம் கட்டச் சொல்லிக்கொடுக்கும் யமுனாவிடம் வந்து சேர்ந்தவர்களில் தணிகாசலம்தான் வயதில் பெரியவர். மில் வேலையில் ஓய்வு பெற்றவர். குருவைவிடச் சீடருக்கு இருபது வயது கூடுதல். அவர் இவளை டீச்சர் என்றார், இவள் அவரைச் சார் என்றாள். யாருக்கும் அதில் குறையில்லை.

அவர் கட்ட வந்தது ஒரே ஒரு விமானம். அவருடைய அண்ணன் குகநாதன் கல்லூரி நாட்களில் கட்டிய, கீழிருந்து ரேடியோவால் இயக்கும் விமானத்தின் நகல். அசல் விமானம் ஏரிக்கு மேலே போனது, திரும்பி வரவேயில்லை. அதோடு அண்ணன் பசையையும் பிளேடையும் மூட்டை கட்டிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் ஊரிலிருந்து வருகிறார். அன்றைக்கு இதை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

பழைய போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தணிகாசலம் கட்டினார். அதே எடையில்லாத பால்சா மரம், அதே பட்டுத்துணி, அதே மாம்பழ மஞ்சள். இடது இறக்கையில் அண்ணன் பெயின்ட்டைச் சிந்திய இடத்தில் இவரும் சிந்தினார். அந்தச் சிந்தலுக்கு ஒத்திகை வேறு பார்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடித்ததும் யமுனாவின் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

"இதுல ஏதாவது குறை இருக்கா டீச்சர்?"

யமுனா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு வயிற்றுப்பக்க மூடியைக் கழற்றினாள். உள்ளே வாலைத் திருப்பப் புத்தம்புதிய குட்டி மோட்டார் ஒன்று இருந்தது.

"அந்தக் காலத்துல வாலைத் திருப்ப ரப்பர்தானே சார்?"

தணிகாசலம் தலையாட்டினார். அந்தக் கால ரேடியோவுக்கு வாலைத் திருப்பும் பலம் கிடையாது. உடம்புக்குள் நீளமாக ஒரு ரப்பர் ஓடும். பறக்கவிடுமுன் அதை முறுக்கி வைக்க வேண்டும். கீழே நிற்பவர் பொத்தானை அமுக்க அமுக்க, முறுக்கு கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்து வாலைத் திருப்பும். முறுக்கு தீர்ந்துவிட்டால் விமானம் யார் பேச்சையும் கேட்காது.

"வெளிய தெரியாதுல்ல. அதான் மோட்டாரே வச்சிட்டேன்."

"பெயின்ட் சிந்தினதைக்கூட விடல நீங்க. இதை மட்டும் ஏன் விட்டீங்க?"

தணிகாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முறுக்கறது என் வேலை டீச்சர். கிளப்பறதுக்கு முன்னாடி அண்ணன் கேட்டாரு, முறுக்கியாச்சாடான்னு. மறந்துபோச்சுன்னு சொன்னா திட்டுவாரு. ஆச்சுண்ணேன்னுட்டேன். முந்தின நாள் முறுக்கு கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கு. தரையில பாத்தப்ப வால் நல்லாத்தான் திரும்புச்சு. மேல போயும் ரெண்டு தரம் திரும்புச்சு. அப்புறம் அண்ணன் பொத்தானை அமுக்கிட்டே ஓடினாரு. அது பாட்டுக்கு நேரா போயிடுச்சு."

"அவர் என்ன நினைச்சாரு?"

"ரேடியோ ஒயர்ல தான் ஈயம் உருக்கி வச்ச சால்டரிங் விட்டுப்போச்சுன்னு. என் கை சரியில்லடான்னாரு. படிப்பையும் பாதியில விட்டுட்டு மாமாவோட அரிசி மண்டியில போய் உக்காந்துட்டாரு. இப்பவும் வீட்டுல ஒரு பியூஸ் போனா ஆளைத்தான் கூப்பிடுவாரு. நமக்கெல்லாம் கை வராதும்பாரு."

இத்தனை வருஷமாக, பார்க்கும்போதெல்லாம் தணிகாசலம் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே சாப்பிட்டிருக்கிறார். அவமானமாக இருந்தது.

"இதைக் கொடுத்தா அவர் மனசு ஆறிடும்ல டீச்சர்?"

யமுனா மோட்டாரைக் கழற்றி வெளியே வைத்தாள். பழைய சாமான் டப்பாவைத் துழாவி, முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் அந்தக் காலத்துப் பல்சக்கரம் ஒன்றை எடுத்துப் பொருத்தினாள். அதிலிருந்து வால்வரைக்கும் ரப்பரைக் கோத்தாள். மூடியைப் போட்டு விமானத்தை அவர் மடியில் வைத்தாள்.

"ரப்பரை நான் முறுக்கல சார். அண்ணன் இந்தத் தடவையும் கேப்பாரு, முறுக்கியாச்சாடான்னு."