இறங்கக் கூலி இல்லாத பட்சி

முன்னொரு காலத்தில், மரத்தில் பட்சி செய்து அதன் முதுகில் ஏறிப் பறக்கத் தெரிந்த ஒரு நாடு இருந்தது. மரம் எப்படிப் பறக்கும் என்று கேட்கிறவர்கள் தச்சரிடம் போய்க் கேட்கட்டும். நான் கதை சொல்ல வந்தவன்.

துறைமுகத்து வணிகர்கள் வைத்திருந்த பெரிய பட்சிகள் கடல் தாண்டிப் போகும். ராஜாவின் சின்னப் பட்சிகளோ மலையூர், காட்டூர், ஆற்றுக்கு அக்கரை என்று உள்நாட்டிலேயே சுற்றி வரும். பத்துப் பேர், நாலு மூட்டை, ஒரு ஆட்டுக்குட்டி, அவ்வளவுதான் பிடிக்கும். ஆனால் அடைமழையில் மலையூரில் ஒருத்திக்கு இடுப்பு வலி எடுத்தால், மருத்துவச்சியைக் கொண்டுபோய் விடுவது அந்தச் சின்னப் பட்சிதான்.

ராஜாவுக்கு மாமியார் வீடு அந்த மலையூரில். ஒரு நாள் சபையில் உட்கார்ந்திருந்தவருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது.

"பங்குனி உத்திரத்தன்று என் மாமியார் கையால் சுடச்சுட அதிரசம் உண்ண வேண்டும். பட்சியை ஆயத்தம் செய்யுங்கள்!"

பொக்கிஷதாரர் எழுந்து கைகட்டி நின்றார். அவர் பெயர் தர்மசீலர். பெயரில் இருக்கிற தர்மம் கையில் கிடையாது. எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர்.

"மகாராஜா, பட்சிகள் இருக்கின்றன. ஓட்டத்தான் ஆள் இல்லை. கொட்டகையில் புறா கூடு கட்டுகிறது."

ஆள் ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்சியோட்டிக்குக் கூலி நாழிகைக்கு ஒரு காசு. அதுவும் பட்சி தரையை விட்டு எழும்பினால்தான் கூலி. தரையைத் தொட்டால் நின்றுவிடும். வயிறு காய்ந்தவர்கள் ஒவ்வொருவராகத் துறைமுகத்து வணிகர்களிடம் போனார்கள். கூலியை ஏற்றலாமே என்றால் தர்மசீலருக்கு நெஞ்சு அடைத்துவிடும். "கூலியை ஏற்றினால் ஏற்றினதுதான், நாளைக்குத் திருப்ப முடியுமா? பரிசு என்றால் ஒரு தரம் கையை நீட்டி மடக்கிக்கொள்ளலாம்" என்று அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். புதிதாக வந்து சேருகிறவனுக்கு மேளதாளம், மாலை, பட்டுச் சால்வை, ஒரு பொற்கிழி. ஒரு போகம் விளைகிற வரைக்கும் ஓட்டினால் போதும். வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். கிழியை வாங்கினார்கள், அறுவடை முடிந்ததும் துறைமுகத்துக்கு நடந்தார்கள்.

"ஆகவே, பொற்கிழியை இரண்டாக்கினால் ஆட்கள் குவிவார்கள், மகாராஜா" என்றார் தர்மசீலர்.

சபையின் மூலையிலிருந்து கலகலவென்று சிரிப்புச் சத்தம் வந்தது. சிரித்தவன் உத்தண்டி, அரண்மனை விகடகவி. ராஜாவுக்குச் செல்லப்பிள்ளை, அதனாலேயே தர்மசீலருக்கு அவனைக் கண்டால் ஆகாது.

"ஏன் சிரிக்கிறாய்?" என்றார் ராஜா.

"ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்கவில்லை, மகாராஜா. பொக்கிஷதாரர் ஓட்டையை அடைக்காமல் பெரிய செம்பாகக் கேட்கிறாரே என்று சிரித்தேன்."

சபை சிரித்தது. தர்மசீலர் முகம் சிவந்தது. ஆனால் அவரும் லேசுப்பட்டவர் அல்ல.

"இவ்வளவு தெரிந்தவர், தாமே பட்சியோட்டியாகச் சேரட்டும், மகாராஜா. எல்லோருக்கும் உள்ள அதே பரிசு, அதே கூலி. உத்திரத்தன்று தங்களை மலையூருக்குக் கொண்டுபோகட்டும். விதியில் ஒரு எழுத்தை மீறினாலும், ஒரு காசு கூட்டிக் கேட்டாலும், மொட்டை அடித்துக் கழுதை மேல் பின்பக்கம் பார்க்க உட்கார்த்தி நாட்டை விட்டு அனுப்பிவிட வேண்டும். சரிதானா என்று பார்க்க நானும் கூட வருகிறேன்."

ராஜாவுக்கு அதிரச ஞாபகம். "அப்படியே ஆகட்டும்!" என்றுவிட்டார்.

உத்தண்டிக்குப் பட்சியின் தலை எது, வால் எது என்றே தெரியாது. தர்மசீலருக்கு அது தெரியும். அன்றைக்கே ஒரு கழுதையை வாங்கிக் கோட்டை வாசலில் கட்டிவைத்துவிட்டார்.

பட்சி ஓட்ட எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சுக்கான் பிடிக்க, ஒருவர் காற்றுப் பார்த்துச் சொல்ல. ராஜாவிடம் மிச்சமிருந்த பழைய ஆள் மருதாயி ஒருத்திதான். உத்தண்டி அவளைத் தேடிக்கொண்டு கொட்டகைக்குப் போனான். அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயும் துறைமுகத்துக்கா, மருதாயி?"

"பின்ன என்ன செய்யச் சொல்றீங்க அண்ணே? பனி விலகட்டும்னு மலையடியில அரை நாள் குந்தியிருக்கேன். அதுக்கு ஒத்தக் காசு கெடையாது. பட்சியில மஞ்ச மூட்டை ஏத்துறவன் ஆடி அசைஞ்சு வருவான், அவனுக்காகக் காத்துக்கெடக்கேன். அதுக்கும் கெடையாது. போன வருசம் ஒருத்தன் வந்தான். மாலை என்ன, மேளம் என்ன! எடது பக்கம் திரும்ப எந்தக் கயித்த இழுக்கணும்னு எங்கிட்டத்தான் கேட்டான். இப்ப அவன் கடல் தாண்டிப் பறக்குறான். இருவது வருசமா ஓட்டுறேன், எனக்கு யாரு மாலை போட்டா?"

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மலையூரை நெனச்சாத்தான் மனசு கேக்க மாட்டேங்குது. நானும் போயிட்டா அங்க ஆத்திர அவசரத்துக்கு யாரு போவா?"

"ஒரே ஒரு நடை வா, தாயி. சுக்கான் உன்னுடையது, வாய் என்னுடையது. எனக்குக் கிடைக்கிற பொற்கிழியும் உனக்கே. நான் தோற்றால் நீ துறைமுகத்துக்குப் போ, நான் கழுதையில் போகிறேன்" என்று சொல்லி, உத்தண்டி அவள் காதில் ஏதோ சொன்னான். மருதாயி சிரித்தாள். மூட்டையைத் திரும்ப அவிழ்த்தாள்.

உத்திரம் வந்தது. உத்தண்டி வேலையில் சேர்ந்தான். மேளம் முழங்கியது, மாலை விழுந்தது, கிழியும் கைக்கு வந்தது. ராஜாவும் தர்மசீலரும் ஏறி உட்கார, பட்சி எழும்பியது. இருபது வருஷத்துக் கை அல்லவா, தொட்டில் ஆடுகிற மாதிரி போயிற்று. உச்சி வேளைக்கு மலையூர் தெரிந்தது. கீழே கூட்டம். ஆரத்தித் தட்டோடு மாமியார். நெய்யில் வேகிற அதிரச வாசனை மேலே வரைக்கும் வந்தது.

பட்சி கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்றும் சுற்றியது. அப்புறமும் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே ஆரத்தியில் கற்பூரம் அணைந்து, மாமியார் வேறு கற்பூரம் ஏற்றினாள்.

"உத்தண்டி, ஏன் இறங்கவில்லை?" என்றார் ராஜா, எச்சிலை விழுங்கிக்கொண்டு.

"எதற்கு இறங்க வேண்டும், மகாராஜா?"

"என்ன கேள்வி இது? உனக்குத்தான் பொற்கிழி கொடுத்தோமே!"

"அது சேர்வதற்குக் கொடுத்தது, சேர்ந்துவிட்டேன். பறப்பதற்கு நாழிகைக்கு ஒரு காசு கொடுக்கிறீர்கள், பறந்துகொண்டிருக்கிறேன். இறங்குவதற்கு என்ன கொடுத்தீர்கள்? தரையைத் தொட்டால் கூலி நின்றுவிடும். எனக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்களே! இன்றைக்கு உலை வைக்கிற அளவுக்குக் காசு சேர வேண்டுமென்றால், பொழுது சாய்கிற வரைக்கும் இப்படியே சுற்றினால்தான் உண்டு."

"உன் தலையை வாங்கிவிடுவேன்!"

"தாராளமாக வாங்குங்கள், மகாராஜா. ஆனால் வாள் பிடித்த வீரர்கள் எல்லோரும் கீழே அல்லவா நிற்கிறார்கள்?"

தர்மசீலருக்கோ வேறு கஷ்டம். சுற்றுகிற சுற்றில் அவர் குடல் வாய்க்கு வந்துவிட்டது. பட்சியின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "விதியை மீறுகிறான்!" என்று முனகினார்.

"எந்த விதியை, ஐயா? ஒரு காசு கூட்டிக் கேட்டேனா? இறங்க வேண்டும் என்று தாங்கள் எங்கேயாவது எழுதியிருக்கிறீர்களா?"

மருதாயி சுக்கானைக் கொஞ்சம் சாய்த்தாள். தர்மசீலர் அலறினார்.

"பரிசு! இறங்குவதற்கு இன்னொரு பொற்கிழி தருகிறேன்! இறக்கு!"

"ஆகா, இறங்கிவிடலாமே! பிறகு திரும்பி ஏறுவதற்கு ஒரு கிழி உண்டுதானே? அரண்மனையில் இறங்குவதற்கு ஒன்று? நாளைக்கு வேறு ஆள் வந்தால் அவனுக்கும் இதே வரிசையில்..."

ராஜா கையைத் தூக்கினார். முன்கோபிதான், முட்டாள் இல்லை. ஓட்டைக் குடம் இப்போதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"பொறு, உத்தண்டி. பரிசு பரிசு என்று கொடுத்துக்கொண்டே போனால் பொக்கிஷம்தான் காலியாகும், ஆள் நிற்க மாட்டான். என்ன செய்தால் நிற்பான்? அதைச் சொல்."

"நான் இன்று காலையில் சேர்ந்தவன், மகாராஜா. இவளைக் கேளுங்கள்."

மருதாயி திரும்பிப் பார்க்கவில்லை. கண் காற்றிலேயே இருந்தது. "கிழியும் வேணாம், மாலையும் வேணாம் சாமி. நாழிக்கு மூணு காசு குடுங்க. தரையில காத்துக்கெடக்குற நாழிக்கும் சேத்துக் குடுங்க. போனவங்கள்ல பாதிப் பேரு திரும்பி வந்துருவாங்க. நானும் எங்கயும் போவ மாட்டேன்."

ராஜா யோசிக்கிறதற்குள், "கொடுங்கள் மகாராஜா! மூன்று காசு கொடுங்கள்! நான்கூடக் கொடுக்கிறேன்!" என்று கூவினார் தர்மசீலர். தம் வாழ்நாளில் அவர் ஒருவருக்குக் கூலி ஏற்றச் சொன்னது அதுதான் முதல் தடவை. ராஜா சம்மதித்து, வாக்குக்கு அடையாளமாக முத்திரை மோதிரத்தைக் கழற்றி மருதாயி கையில் வைத்தார். பட்சி பூப்போல இறங்கியது.

அப்புறம் கேட்க வேண்டுமா! ராஜா அதிரசத்தை ஒரு கை பார்த்தார். மாமியார் வீட்டு ஊஞ்சலில் சாய்ந்தார். குறட்டை விட ஆரம்பித்தார்.

பட்சியின் இறக்கை நிழலில் மருதாயி காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு அதிரசத்தைப் பிட்டுப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள். இருபது வருஷத்தில் அவள் நிம்மதியாகக் காத்திருந்தது அன்றைக்குத்தான்.

நிம்மதி இல்லாதவர் ஒருவர் இருந்தார். தர்மசீலர் வெயிலைப் பார்த்தார், மருதாயியைப் பார்த்தார், ஊஞ்சலுக்கு ஓடினார்.

"மகாராஜா, எழுந்திருங்கள்! கூலி ஓடிக்கொண்டே இருக்கிறது!"

கண்ணைத் திறந்த ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு ஊஞ்சல் ஆடச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மூச்சு வந்ததும் கழுத்து முத்துமாலையைக் கழற்றி உத்தண்டிக்குப் போட்டார்.

"இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"கோட்டை வாசலில் எனக்காக ஒரு கழுதை நிற்கிறது, மகாராஜா. அதைக் கொடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் அதிரசக் கூடையைக் கட்டிக்கொண்டு, முன்பக்கம் பார்த்து உட்கார்ந்து வீட்டுக்குப் போகிறேன்."

அப்படியே போனான். போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். கொட்டகைப் புறாக்கள் வேறு இடம் தேடிக்கொண்டன. அதற்குப் பிறகு அந்த நாட்டில் பட்சிகள் ஒரு விநாடிகூடத் தாமதமாகக் கிளம்பியதில்லை. கிளம்புமா? மஞ்சள் மூட்டையைத் தர்மசீலரே தலையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏற்றினாரே!