இரைச்சல் தொட்டி

வைக்கோலில் என்சைம் ஊற்றிக் கரைத்துச் சர்க்கரை எடுக்கும் ஆலை அது. மேனேஜர் தில்லைநாயகம் தொட்டிப் பக்கமே வரமாட்டார். அறையில் உட்கார்ந்தபடி, கலக்கும் மெஷினின் இரைச்சலைக் கேட்டுத்தான் வேலை நடக்கிறதா என்று பார்ப்பார். போன மாதம் தொட்டி வேலை பார்த்த பால்ச்சாமிக்கு வேலை போனது. அவருடைய சாப்பாட்டுத் தூக்கு இன்னும் ஆணியில் தொங்கியது.

சர்க்கரை குறைந்துகொண்டே வந்தது. தொட்டி பார்க்கும் தவமணியைக் கூப்பிட்டார் மேனேஜர்.

“இன்னும் வேகமாச் சுத்தணும். பத்து நாள்ல சர்க்கரை ஏறலேன்னா உனக்கும் வேலை கிடையாது.”

“சார், வைக்கோல் கூழாகுற வரைக்கும் வேகம் சரி. அப்புறமும் போட்டு அடிச்சா என்சைம் கெட்டுப்போயிடும். மெதுவா விட்டாத்தான் அது வைக்கோலைப் பிடிச்சுக் கரைக்கும்.”

“எனக்குச் சத்தம் கேக்கணும்.”

“கேக்கும் சார்.”

கேட்டது. ஆலையே அதிர்ந்தது. பத்தாம் நாள் சர்க்கரையும் ஏறியிருந்தது. முதலாளி பார்க்க வந்தார்.

“கேளுங்க முதலாளி, இந்த வேகம் நான் போட்ட உத்தரவு” என்றார் மேனேஜர்.

“அந்தச் சத்தம் போடுற தொட்டியைத் திற” என்றார் முதலாளி தவமணியிடம்.

தவமணி திறந்தாள். உள்ளே வெறும் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது.

“இது மேனேஜர் சார் காதுக்கு. சர்க்கரை அடுத்த தொட்டியில இருக்கு முதலாளி. அது மெதுவாத்தான் சுத்துது.”

மேனேஜர் முகம் செத்துப்போனது. முதலாளி சிரித்துவிட்டார். “இதை முன்னாடியே என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?”

“பால்ச்சாமி அண்ணன் வந்து சொன்னாரே முதலாளி. மறுநாளே அவரை நிறுத்திட்டீங்க. கடுதாசியில உங்க கையெழுத்துதான் இருந்துச்சு.”

முதலாளியின் சிரிப்பு நின்றது. தண்ணீர்த் தொட்டி மட்டும் இரைந்துகொண்டே இருந்தது.